ஜிம்மி கார்ட்டர்: அதிபர் பதவியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த மனிதரைப் பற்றிப் பேசுவோம்

கரிசல்குயில் எழுதியது:

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில், சொந்த வீட்டிலேயே காலமானார். வயது நூறு. அப்போது நான் படித்த அஞ்சலிகள் எல்லாம் எகிப்து-இஸ்ரேல் இடையிலான கேம்ப் டேவிட் உடன்பாடு, ஈரான் பணயக்கைதிகள், 1980 தேர்தல் தோல்வி, 2002 நோபல் பரிசு என்று ஒரே தடத்தில் ஓடின. அவர் அதிபராக இருந்தது நான்கு வருடம். மற்ற தொண்ணூற்றாறு வருடத்தை யாரும் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

கணவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன், கடற்படை அதிகாரி, ஊருக்கு உழைத்த தன்னார்வலர் என்ற அளவில் அவரை நினைவுகூர்வோம். நானே தொடங்கி வைக்கிறேன்.

2019 அக்டோபர். அவருக்கு 95 வயது நிறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் தடுமாறி விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. 14 தையல். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய்க் கறுத்துவிட்டது. அன்றைக்கே கிளம்பி டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்குப் போனார். ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பின் கட்டட வேலை அங்கே நடக்கவிருந்தது. மறுநாள் காலை கட்டுப் போட்ட நெற்றியோடு வேலை இடத்தில் நின்றார். கூடவே மனைவி ரோசலின். "வயதானவர், ஓய்வெடுங்கள்" என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்களா என்ன? சொல்லியிருப்பார்கள். அவர் போனார்.

பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் உண்டு. அவர் சுத்தியலைப் பிடித்தார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

---

பழைய மாலுமி எழுதியது:

கடற்படைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். கப்பல் இயந்திர அறையில் காலம் தள்ளியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம்.

கார்ட்டர் 1943இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து 1946இல் தேறினார். பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் போனார். பாம்ஃப்ரெட் என்ற நீர்மூழ்கியில் இருந்தபோது, இரவில் கடல் கொந்தளிப்பில் மேல்தளத்தில் காவல் நின்றவரை ஓர் அலை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. நல்லவேளையாகக் கப்பலின் பின்பக்கத்துப் பீரங்கிக் குழாயின்மேல் போய் விழுந்தார். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். அலை கொஞ்சம் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் இன்றைக்கு இந்த இழையே இல்லை.

அப்புறம், அணுசக்தி நீர்மூழ்கிகளை உருவாக்கிக்கொண்டிருந்த அட்மிரல் ரிக்கோவரின் பிரிவு. 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவரில் அணு உலை ஒன்று பழுதாகி, உருகி, அடித்தளத்தில் கதிரியக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டது. உலையைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு அமெரிக்கக் கடற்படையிலிருந்து போன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கார்ட்டர். அப்போது அவருக்கு 28 வயது.

அந்த வேலையை அவர்கள் செய்த விதத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் இருந்த டென்னிஸ் மைதானத்தில் உலையின் அச்சு அசலான மாதிரி ஒன்றை அமைத்தார்கள். ஒவ்வொருவரும் அதில் ஓடிப் போய், தனக்கென்று ஒதுக்கிய போல்ட்டைக் கழற்றி, ஓடி வரும் ஒத்திகையைப் பார்த்தார்கள். உண்மையான உலைக்குள் ஒருவர் இருக்கலாம் என்று கணக்கிட்ட நேரம் ஏறத்தாழ 90 வினாடிதான். அதற்குமேல் உடம்பு தாங்காது. உள்ளே ஒரு போல்ட் கழன்றதும் மைதானத்து மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றி வைப்பார்கள். அடுத்து இறங்குபவருக்குத் தான் பார்க்கப்போவது என்ன என்று தெரிய வேண்டுமே. குழுவை அனுப்பிவிட்டு வெளியே நிற்கவில்லை, அவரும் இறங்கினார். பிறகு ஆறு மாதம் வரை அவருடைய சிறுநீரில் கதிரியக்கம் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போர்முனையைப் பார்க்காதவரை எப்படி முன்னாள் வீரர் என்று கொண்டாடுவது எனச் சிலர் கேட்பார்கள். அந்த 90 வினாடியை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

---

தெற்குவாசல் எழுதியது:

மாலுமி ஐயா எழுதியது அருமை. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். பதவியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவோம் என்பது எனக்கு உடன்பாடில்லை. 1977 டிசம்பர் 31 அன்று தெஹ்ரானில் ஈரான் மன்னர் ஷாவுக்கு விருந்து மேசையில் புகழாரம் சூட்டியவர் இதே கார்ட்டர்தான். இந்தோனேசியா ஆக்கிரமித்த கிழக்குத் திமோரில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த இந்தோனேசியாவுக்கு ஆயுதம் போய்க்கொண்டிருந்தது. 1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜூவில் போராடிய மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றதும் அவர் ஆட்சிக் காலத்தில்தான். அவர் நல்ல கணவராக இருந்தார், நாற்காலி செய்தார் என்பதால் இதெல்லாம் கரைந்துவிடுமா?

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்ற வழக்கம் எனக்கும் தெரியும். வீட்டு மனிதருக்கு அது சரி. நாட்டை ஆண்டவருக்குச் சரிவராது.

---

கரிசல்குயில் எழுதியது:

தெற்குவாசல், நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. கரைய வேண்டும் என்றும் சொல்லவில்லை. தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஆனால் ஒன்று. தோற்றுப்போய் 1981 ஜனவரியில் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு வயது 56. குடும்பத்தின் கடலை வியாபாரம் கடனில் மூழ்கியிருந்தது. பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் உட்காரலாம், மேடைக்கு மேடை பேசிப் பணம் சேர்க்கலாம். அந்தப் பாதை வேண்டாம் என்று முடிவு செய்தார். புத்தகம் எழுதிச் சம்பாதித்தார். 1961இல் கட்டிய அதே இரண்டு படுக்கையறை வீட்டில் கடைசிவரை இருந்தார். அந்த முடிவுகளைப் பற்றிப் பேசத்தான் இந்த இடம்.

---

கிணற்றடி எழுதியது:

பெண்கள் தரப்பிலிருந்து ஒருத்தி பேசுகிறேன். "அர்ப்பணிப்புள்ள குடும்பத் தலைவர்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பிறந்துவிடவில்லை அவர். ஆகித் தேர்ந்தார். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரோசலின் பிறந்தபோது, பக்கத்து வீட்டுச் செவிலியராக இருந்தவர் கார்ட்டரின் அம்மா லில்லியன். மூன்று வயதுக்கும் குறைவான மகனைக் கூட்டிப் போய்க் குழந்தையைக் காட்டினார். 1946 ஜூலை 7 அன்று இருவருக்கும் திருமணம். கடற்படை அதிகாரியின் மனைவியாக ஊர் ஊராகப் போனது ரோசலினுக்குப் பிடித்திருந்தது. தன் வீட்டைத் தானே நடத்தினார்.

1953இல் கார்ட்டரின் அப்பா கணையப் புற்றுநோயில் இறந்தார். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்க்க ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அவர் சத்தமில்லாமல் செய்த உதவிகளைச் சொன்னார்கள். கடனைத் தள்ளி வைத்தது, பிள்ளைக்குப் பட்டமளிப்புக்குத் துணி எடுத்துக் கொடுத்தது என்று. இப்படி ஒரு வாழ்க்கை வாழ வேண்டும் என்று மகன் முடிவு செய்து கடற்படையை விட்டு விலகினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோசலின் அழுதார், கத்தினார். பிளெய்ன்ஸ் திரும்பும் வழி முழுக்கக் கணவரோடு பேசவில்லை. வந்த பிறகு அரசாங்கக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார்கள். 1954இல் வறட்சி. விவசாயம் கையைக் கடித்தது. 1962இல் மாநில செனட்டுக்கு நிற்க முடிவெடுத்தபோதும் மனைவியைக் கேட்கவில்லை.

பின்னாளில் கார்ட்டரே இதைப் பலமுறை வெளிப்படையாகச் சொன்னார். மனைவியைக் கேட்காமல் அப்படி எப்படி முடிவெடுத்தேன் என்று நினைக்கவே முடியவில்லை என்ற பொருளில். எழுபது, எண்பது வயதில் ஓர் ஆண் இதைப் பொது இடத்தில் சொல்வது சின்ன விஷயமா? எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்?

---

தச்சுப்பட்டறை எழுதியது:

கிணற்றடி அக்கா சொன்னதோடு ஒட்டி ஒரு செய்தி.

வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பும்போது ஊழியர்கள் பரிசு கொடுக்க நினைத்தார்கள். அவர் கேட்டது தச்சுக் கருவிகள். அதை வைத்து வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் பட்டறை போட்டார். நூற்றுக்கும் மேல் மரச் சாமான்கள் செய்திருக்கிறார். நாற்காலி, மேசை, பேரப்பிள்ளைகளுக்குத் தொட்டில், தாங்கள் படுக்கும் நாலு கம்பக் கட்டில். ஊர் மரநாதா பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குக் காணிக்கைத் தட்டுகளைக் கடைசலில் இழைத்துக் கொடுத்தார். அவர் பொது ஏலத்துக்கு விட்ட சாமான்களின் பணம், பதவிக்குப் பிறகு அவரும் ரோசலினும் தொடங்கிய கார்ட்டர் மையம் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போனது. நான் மர வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு கட்டிலுக்குக் கால் நாலும் ஆடாமல் நிற்க வைப்பது பேச்சால் வராது, பொறுமையால் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்தச் செய்தி. கணவன் மனைவி இருவருக்கும் ஒரு நாள் பெரிய சண்டை. அவர் பட்டறைக்குப் போய் வால்நட் மரத்தில் காசோலை அளவுக்கு மெல்லிசாக ஒரு பலகை அறுத்தார். எந்த மாலையிலும், என்றென்றைக்கும், மன்னிப்புக் கேட்கவோ மன்னிக்கவோ இது செல்லும், உன் விருப்பம் போல, என்ற பொருளில் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரோசலினிடம் கொடுத்தார். ரோசலின் அதை நீட்டும்போதெல்லாம் அவர் அதை மதித்தாக வேண்டும். சண்டையை மனதில் வைத்துக்கொண்டு தூங்கப் போகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு விதி. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் வேதாகமத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். ஸ்பானிஷ் மொழி மறக்காமல் இருக்க அந்த மொழியிலேயே வாசித்தார்கள்.

---

பழைய மாலுமி எழுதியது:

அந்தப் பலகை விஷயம் எனக்குப் புதிது. நன்றி தம்பி.

படைவீரர்கள் பக்கம் இன்னொன்று விட்டுப்போனது. வியட்நாம் போருக்குப் போக மறுத்துத் தப்பித்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு தருவேன் என்று 1976 பிரசாரத்தில் சொன்னார். எங்கே சொன்னார்? முன்னாள் படைவீரர்களின் அமெரிக்கன் லீஜன் மாநாட்டில். கூக்குரல் எழுந்தது. பதவியேற்ற மறுநாள், 1977 ஜனவரி 21 அன்று, சொன்னபடி கையெழுத்திட்டார். அந்த முடிவு எனக்கு இன்றும் முழுசாக ஒப்பவில்லை. போனவனும் போகாதவனும் ஒன்றாகிவிட்டானே என்ற வருத்தம் படையில் இருந்தவனுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் கோபப்படப் போகிறவர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னாரே, அதை மதிக்கிறேன்.

போய் வந்தவர்களையும் கைவிடவில்லை. வியட்நாமில் இரண்டு காலையும் ஒரு கையையும் இழந்த மேக்ஸ் கிளீலண்டைப் படைவீரர் நலத்துறைத் தலைவராக நியமித்தார். மனத்தால் நொந்து திரும்பியவர்கள் மருத்துவமனைக்குப் போகாமலே பேசித் தேறுவதற்கான ஆலோசனை மையங்கள் 1979இல் தொடங்கின. வாஷிங்டனில் இப்போது கறுப்புக் கல் சுவராக நிற்கும் வியட்நாம் வீரர் நினைவகத்துக்கு இடம் ஒதுக்கும் சட்டத்தில் 1980 ஜூலை 1 அன்று கையெழுத்திட்டவரும் அவரே.

---

ஓடைக்கரை எழுதியது:

பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் நரம்புச்சிலந்தியைச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது. இளையவர்கள் இந்தப் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். அது நல்ல செய்திதான்.

குளம், படிக்கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். வடிகட்டாமல் குடித்தால் உடம்புக்குள் போய், ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் நீளம்கூட வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். நெருப்பு வைத்தது போல் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கிவிடும். அதே தண்ணீரை அடுத்தவர் குடிப்பார். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுத்து எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் சீழ் வைக்கும்.

1986இல் கார்ட்டர் மையம் இதைக் கையில் எடுத்தபோது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 21 நாடுகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இது வந்துகொண்டிருந்தது. 2023இல் உலகம் முழுவதும் மனிதர்களில் பதிவானது 14. துணி வடிகட்டி, ஊருக்கு ஓர் ஆள், வீடு வீடாகப் பேச்சு, இவ்வளவுதான் ஆயுதம். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். 2000இல் நாடு விடுபட்டதாகச் சான்றிதழ் கிடைத்தது. இந்திய ஒழிப்புத் திட்டம் அதற்கு முன்பே, நம் சொந்த முயற்சியாகத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்றுவது அந்தந்த ஊரில் கிணறு கிணறாக நடந்த பணியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் 1995இல் தெற்கு சூடான் பகுதியில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, சுகாதாரப் பணியாளர்கள் உள்ளே போவதற்காக இரு தரப்பையும் சம்மதிக்க வைத்துக் கிட்டத்தட்ட ஆறு மாதம் சண்டையை நிறுத்த வைத்தது கார்ட்டர். அந்த வேலையைக் களப்பணியாளர் யாரும் செய்திருக்க முடியாது. 2015இல் தன் மூளைவரை புற்றுநோய் பரவிவிட்டது என்று செய்தியாளர்களிடம் அறிவித்த நாளிலும், எனக்கு முன்னால் கடைசி நரம்புச்சிலந்தி சாக வேண்டும் என்ற ஆசையைச் சொன்னார். சிகிச்சையில் பிழைத்து இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். புழு இன்னும் முழுசாகச் சாகவில்லை. நாய்களிலும் அது பரவுவதால் கடைசிக் கட்டம் இழுக்கிறது.

---

தெற்குவாசல் எழுதியது:

ஓடைக்கரை, இதைப் படித்த பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் குறிப்பிட்ட விஷயங்கள் அப்படியே நிற்கின்றன. ஆனால் நீங்கள் எழுதியது "நல்ல மனிதர், நாற்காலி செய்தார்" வகை அல்ல. பதவி இருந்தபோது கிடைத்த செல்வாக்கைப் பதவி போன பிறகு எதற்குச் செலவழித்தார் என்ற கணக்கு இது. அந்தக் கணக்கைப் பார்க்க நான் தயார்.

ஒரு கேள்வி. அவர் ஊரில் நிறவெறி உச்சத்தில் இருந்த காலம் ஐம்பதுகள். அப்போது கார்ட்டர் என்ன செய்தார்?

---

கரிசல்குயில் எழுதியது:

நல்ல கேள்வி. நிறப்பிரிவினையைக் காப்பதற்கென்றே எழுந்த வெள்ளையர் கவுன்சில் என்ற அமைப்பில் ஊரின் வெள்ளைக்கார ஆண்கள் சேர்ந்தபோது அவர் சேர மறுத்தார். அவருடைய கடையைப் புறக்கணித்தார்கள். 1965இல் கறுப்பின மக்களைத் தேவாலயத்துக்குள் விடக் கூடாது என்று ஊர்ச் சபையில் வாக்கெடுப்பு வந்தது. எதிர்த்து வாக்களித்தது கார்ட்டர் குடும்பமும் இன்னும் ஒரே ஒருவரும். அதே நேரம் மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டங்களில் அவர் தெருவில் இறங்கவில்லை என்பதும், 1970 ஆளுநர் தேர்தலில் நிறப்பிரிவினை ஆதரவாளர்களின் ஓட்டையும் குறிவைத்துப் பேசினார் என்பதும் உண்மை. ஆளுநராகப் பதவியேற்ற அன்றே, இனப்பாகுபாட்டின் காலம் முடிந்தது என்று அறிவித்தார். ஓட்டுப் போட்டவர்களில் பலர் அதிர்ந்துபோனார்கள். நேர்க்கோட்டு வாழ்க்கை இல்லை அது.

---

கிணற்றடி எழுதியது:

கடைசிக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் மாமியாருக்கு மறதி நோய். ஆறேழு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இந்தப் பகுதி எனக்கு நெருக்கம்.

ரோசலின், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவே 1987இல் ஒரு நிறுவனம் தொடங்கியவர். உலகத்தில் நாலு வகை ஆட்கள்தான்: முன்பு பார்த்துக்கொண்டவர், இப்போது பார்த்துக்கொள்பவர், இனிப் பார்த்துக்கொள்ளப் போகிறவர், பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுபவர், என்று அவர் அடிக்கடி சொல்வார். 2023 மே மாதம் ரோசலினுக்கே மறதி நோய் என்று குடும்பம் அறிவித்தது. மூடி மறைக்கவில்லை. அதே வருடம் பிப்ரவரியிலிருந்து கார்ட்டர் மருத்துவமனை வேண்டாம் என்று வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற எவருக்கும், "வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார்" என்று வெளியே சொல்ல அந்த அறிவிப்பு ஒரு தைரியம் கொடுக்கும்.

நவம்பர் 19 அன்று ரோசலின் போய்விட்டார். 77 வருட மணவாழ்க்கை. அட்லாண்டாவில் நடந்த நினைவு ஆராதனைக்குச் சக்கர நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தாற்போல் கார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். மடியில் ரோசலின் முகம் போட்ட போர்வை. மகள் ஏமி, அப்பா 75 வருடத்துக்கு முன் கடற்படையிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வாசித்தார். உன்னைப் பிரிந்து போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் நீ எவ்வளவு அருமையானவள் என்று புதிதாகக் கண்டுபிடிக்கிறேன் என்ற பொருளில் தொடங்கும் கடிதம். அந்தக் காணொளியை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

---

தச்சுப்பட்டறை எழுதியது:

அக்கா, உங்கள் மாமியாரைப் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

வீடு கட்டிய பணி பற்றி ஒரு கூடுதல் தகவல். ஹேபிடட்டை அவர் தொடங்கவில்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள். 1976இல் பிளெய்ன்ஸுக்குப் பக்கத்து ஊரான அமெரிக்கஸில் ஃபுல்லர் தம்பதி தொடங்கியது. கார்ட்டர் தம்பதி 1984இல் சேர்ந்தார்கள். அந்த வருடமே மற்ற தன்னார்வலர்களோடு பேருந்தில் நியூயார்க் போய், தேவாலயத்தில் தங்கி, பாழடைந்த அடுக்குமாடிக் கட்டடத்தைச் சீர்படுத்தினார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு வாரம். 14 நாடுகள், 4,300க்கு மேல் வீடுகள். 2006இல் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கமும் வந்து கட்டினார்கள். அந்த வீடுகள் இலவசம் இல்லை. குடியேறுபவரும் உடலுழைப்பு தர வேண்டும், கடனைத் தவணையில் கட்ட வேண்டும். பிச்சை போட்ட மாதிரி இல்லாமல் அது அவர்களுடைய வீடாகவே இருக்கும்.

---

பழைய மாலுமி எழுதியது:

2025 ஜனவரி 7 அன்று வாஷிங்டனில் அவர் உடலைக் கடற்படை நினைவகத்தில் குதிரை வண்டிக்கு மாற்றி அங்கிருந்துதான் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எடுத்துப் போனார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு நிறைவாக இருந்தது. 9ஆம் தேதி பிளெய்ன்ஸில், வீட்டு வளாகத்திலேயே, ரோசலின் பக்கத்தில் அடக்கம்.

லில்லியன் அம்மையார் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. 68 வயதில், அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமைதிப் படை (பீஸ் கோர்) திட்டத்தின் தன்னார்வலராகப் பம்பாய் பக்கம் விக்ரோலிக்கு வந்து செவிலியராக வேலை பார்த்தவர். கிணற்றடி அம்மா, நேரம் கிடைக்கும்போது அவருக்கென்று ஓர் இழை தொடங்குவீர்களா?

---

கிணற்றடி எழுதியது:

சரி ஐயா. மாமியார் மதியம் தூங்கும்போது எழுதுகிறேன். வார இறுதிக்குள் போடப் பார்க்கிறேன்.